கவ்வாத்துக் கத்தியைக் கண்ணாடிக்குள் வைத்து வார்க்கலாமா?

ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பழைய கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கத்தி), தேயிலை வேர்க்கட்டை, சூளையில் வார்த்த போத்தல் கண்ணாடி மூன்றையும் வைத்து ஒரு சிற்பம், கத்தியை உள்ளே வைத்தே உருக்கலாமா என்று. அருமையான யோசனை, ஆனால் கத்தியை உள்ளே வைக்காதீர்கள். இரும்பு கண்ணாடியை விட அதிகம் விரிந்து சுருங்கும்; ஆறும்போது கத்தியைச் சுற்றி வெடிப்பு ஓடும். மெல்லிய செப்புக் கம்பி பெரும்பாலும் தாங்கும்.

கத்தி பொருந்தும் பள்ளத்தை அச்சிலேயே விட்டு, கண்ணாடியைத் தனியாக வாருங்கள். பிளாஸ்டர் ஒஃப் பாரிஸும் சிலிக்கா மாவும் (நுண்ணிய மணல் தூள்) எடைக்குச் சமமாகக் கலந்தால் அச்சு தயார் (சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், முகமூடி கட்டாயம்). நம் மலைப் பனிமூட்டத்தில் அச்சு லேசில் காயாது. ஈரத்தோடு வேகமாகச் சூடேற்றினால் பிளந்துவிடும்.

ஒரே வகைப் போத்தல்களையே உடைத்துப் போடுங்கள். கலந்தால் பின்னர் வெடிக்கக்கூடும். சுமார் 850 முதல் 900 பாகை செல்சியஸில் உருகி அச்சை நிரப்பும். பிறகு 550 பாகையளவில் சில மணிநேரம் நிறுத்தி, மிக மெதுவாக ஆறவிட வேண்டும். தடிப்பு கூடினால் நேரமும் கூடும். முழுக்க ஆறுமுன் நுவரெலியாக் குளிரில் சூளைக் கதவைத் திறக்கவே வேண்டாம்.

வேர்க்கட்டையைக் கடைசியில் சேருங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதும், அதனால் இறுகிப்போகும் பசையை விட நெகிழும் சிலிக்கோன் பசையே நல்லது.