ஒரே அறை வீட்டில் கைக்குழந்தையை எங்கே படுக்க வைப்பது?

கேள்வி: மும்பை சயானில், ஒரு அறையும் சமையலறையும் மட்டுமே உள்ள வீட்டில் வசிக்கிறோம். மகன் பிறந்து 50 நாள் ஆகிறது. பிறந்தபோது எடை 2.3 கிலோ. பேறுகாலம் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, சேலையில் தூளி கட்டினால்தான் பிள்ளை அயர்ந்து தூங்கும் என்றும், பால் கக்குவதால் குப்புறப் போட வேண்டும் என்றும் சொல்கிறார். நாத்தனார் கொசுவலை வைத்த குடை மெத்தையும் கடுகுத் தலையணையும் வாங்கித் தந்திருக்கிறார். எங்கள் இருவருக்கும் நடுவில் படுக்க வைத்தால் போதும் என்பது என் கணவரின் எண்ணம். அவருக்குப் புகைப்பழக்கம் உண்டு. வெளியே போய்த்தான் புகைப்பார். மரத்தொட்டில் போட இடமில்லை. நான் என்ன செய்வது, டாக்டர்?

பதில்: உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வது அந்தக் குழந்தையின்மேல் உள்ள அன்பினால்தான். ஆனாலும் இந்த மூன்றில் எதையும் இரவுத் தூக்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் படுக்கும் பாய்க்கு அருகிலேயே, கை எட்டும் தூரத்தில், தரையில் அவனுக்கென்று தனியாக ஓர் உறுதியான சமதளப் படுக்கை போட்டு, தலையணையோ போர்வையோ பொம்மையோ எதுவும் இல்லாமல், மல்லாக்கப் படுக்க வையுங்கள். இதற்கு அதிக இடமும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். காரணம் தெரிந்தால்தான் நடு இரவில் தூக்கக் கலக்கத்திலும் சரியானதைச் செய்ய முடியும், அம்மாவுக்கும் எடுத்துச் சொல்ல முடியும்.

நன்றாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோவதும், பரிசோதனையிலும் காரணம் பிடிபடாமல் போவதும் அரிதாக நேர்கின்றன. இதைத் திடீர்ச் சிசு மரணம் என்கிறோம். பெரும்பாலும் இது முதல் 6 மாதத்துக்குள்ளும், அதிலும் 2 முதல் 4 மாதம் வரையிலான காலத்தில் மிகுதியாகவும் நிகழ்கிறது. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் மகன் இப்போது அந்தப் பருவத்தில் நுழைகிறான் என்பதால் சொல்கிறேன். மெத்தென்ற துணியில் முகம் புதைந்தால், குழந்தை தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் மீண்டும் உள்ளிழுக்கிறது. உடலில் பிராணவாயு குறைந்து கரியமில வாயு கூடுகிறது. பெரும்பாலான குழந்தைகள் அப்போது விழித்து, முகத்தைத் திருப்பி, வீரிட்டு அழுதுவிடும். ஆனால் சில குழந்தைகளின் மூளையில் இப்படி விழித்துக்கொள்ளும் திறன் இன்னும் முதிர்ந்திருக்காது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகள், புகையிலைப் புகை படும் குழந்தைகள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். நீங்கள் எழுதியதில் இவற்றில் இரண்டு இருப்பதால்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குப்புறப் படுத்த குழந்தை ஆழ்ந்து தூங்கும் என்று உங்கள் அம்மா சொல்வது உண்மைதான். அந்த ஆழமே ஆபத்து; எளிதில் விழிக்க முடியாத தூக்கம் அது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992-ல் குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 1994-ல் நாடு தழுவிய பிரசாரமும் தொடங்கியது. அதன்பின் அங்கே இத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழாயில் போய்விடும் என்ற அச்சம் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கின்றன. கக்கும் பால் மூச்சுக்குழாயில் ஏறுவதற்குப் புவியீர்ப்பை எதிர்த்து மேலே வர வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடும். ஆகவே பால் கக்கும் குழந்தைக்கும் மல்லாந்த நிலையே நல்லது. பால் கொடுத்தபின் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்து, சிறிது நேரம் நிமிர்த்திப் பிடித்திருந்து பிறகு படுக்க வையுங்கள். தலைப்பக்கம் உயர்த்த வேண்டியதில்லை. ஒருக்களித்தும் படுக்க வைக்காதீர்கள். ஒருக்களித்த குழந்தை எளிதில் குப்புறச் சாய்ந்துவிடும்.

இனி தூளி. நானும் தூளியில் வளர்ந்தவன்தான். அதன்மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. ஆட்டத்தின் சீரும், தாயின் சேலை வாசனையும், உடலைச் சுற்றி அணைத்தாற்போன்ற துணியும் அழுகிற பிள்ளையை அமர்த்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தூளியின் அடிப்பாகம் வளைந்தே இருக்கும். கழுத்து நிற்காத குழந்தை அந்த வளைவில் சுருளும்போது தாடை நெஞ்சில் முட்டி, மென்மையான, ஒடுங்கிய மூச்சுப்பாதை மடங்கக்கூடும். அப்போது அழுகுரல்கூட வெளியே வராது. இரண்டு பக்கமும் துணி மூடிக்கொள்வதால் உள்ளே குழந்தை எப்படிக் கிடக்கிறது என்பது அருகில் இருப்பவருக்கே தெரிவதில்லை. தொட்டில் கம்பு செருகினால் மேற்புறம் விரியும்; அடிவளைவு மாறாது. இன்னும் சில மாதத்தில் புரளத் தொடங்கினால் முகம் துணியில் அழுந்தும் ஆபத்தும், விழும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். வளைவும் சாய்வும் இவ்வளவு முக்கியமா என்று தோன்றலாம். 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்பதையே அமெரிக்கா 2022-ல் சட்டமியற்றித் தடை செய்திருக்கிறது. அம்மாவின் மனம் வருந்தாமல் இருக்க, பகலில் அவர் விழித்து அருகிலேயே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் ஆட்டுவதை நான் சண்டை போட்டுத் தடுக்க மாட்டேன். ஆனால் கண் அயர்ந்ததும் எடுத்துப் படுக்கையில் விட வேண்டும். இரவில் தூளி வேண்டவே வேண்டாம்.

நாத்தனார் தந்த குடை மெத்தையின் ஓரங்கள் பஞ்சு அடைத்து உப்பியிருக்கும். நடுவில் குழந்தை அமிழும். உங்கள் உள்ளங்கையை அழுத்தி எடுங்கள். பள்ளம் அப்படியே நின்றால் அந்த மெத்தை ஆகாது. கடுகுத் தலையணையையும் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு வயது வரை குழந்தைக்குத் தலையணை தேவையில்லை. தலையின் வடிவம் பற்றிக் கவலையென்றால், விழித்திருக்கும்போது ஒருவர் பக்கத்தில் இருந்து, நாளுக்குச் சில முறை, சில நிமிடங்கள் குப்புறப் போட்டுப் பழக்குங்கள். தலையின் பின்புறம் தட்டையாகாமல் இருப்பதோடு கழுத்தும் தோளும் வலுப்பெறும். குப்புறப் போட வேண்டும் என்ற அம்மாவின் ஆசைக்கு அதுவே சரியான நேரம்.

பெற்றோர் இருவருக்கும் நடுவில் படுக்க வைப்பது நம்மிடையே வழக்கம்தான். ஆனால் எடை குறைந்து பிறந்து, வீட்டில் ஒருவர் புகைப்பவராகவும் இருக்கும்போது, அது நான் ஒப்புக்கொள்ளக்கூடிய ஏற்பாடு அல்ல. வெளியே நின்று புகைத்தாலும் மூச்சிலும் சட்டையிலும் கையிலும் புகையின் நஞ்சு தங்கியே வரும். கணவர் சட்டையை மாற்றி, கைகளைக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்; உண்மையில் அவர் புகைப்பதை அடியோடு விடுவதே குழந்தைக்குப் பெரிய பாதுகாப்பு. மது அருந்திய இரவிலோ, தூக்கம் வரவழைக்கும் மருந்து எடுத்த இரவிலோ எவரும் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது.

படுக்கையைப் போடும் விதம் இது. கோரைப்பாயின்மேல் கட்டியான பருத்தி விரிப்பை இரண்டாக மடித்து, சுருக்கமில்லாமல் இறுக்கி விரித்தால் போதும்; மெல்லிய, அழுந்தாத தென்னைநார் மெத்தை கிடைத்தாலும் நல்லதே. ஊரிலிருந்து இலவம்பஞ்சு மெத்தை வந்திருந்தால் அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்கு வேண்டாம். சுவரும் பீரோவும் ஒரு கை தூரமாவது தள்ளியிருக்கட்டும். இடுக்கில் சிக்குவதும் ஓர் ஆபத்துதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் தரை கசியும், எறும்பும் ஏறும். அப்போது விரிப்பின் அடியில் ஒரு தட்டையான பலகை போடலாம். டெங்கு, மலேரியாவுக்குப் பயந்து கொசுவலை கட்டாயம் வேண்டும். அடிமெத்தை இல்லாத குடைவலை கடையில் தனியாகவே கிடைக்கிறது. முகத்தில் படாத அளவுக்கு விரிந்து நிற்பதாக வாங்குங்கள். கொசுவத்திச் சுருள் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் மூடிய ஒற்றை அறையில் வேண்டாம். கழுத்தில் கறுப்புக் கயிறோ பாசிமணியோ இருந்தால் கழற்றிவிடுங்கள்.

உடைக்கு ஒரு பருத்திச் சட்டை போதும். இரவு குளிர்ந்தால் இன்னொன்று. தூங்கும்போது தலையில் குல்லாய் வேண்டாம். மார்பும் முதுகும் வியர்த்திருந்தால் உடை அதிகம் என்று பொருள்.

இரவு 2 மணிக்குப் பால் கொடுக்கும்போது கண் சொருகும் என்பதை நான் அறிவேன். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து கொடுக்காதீர்கள். அங்கே குழந்தையோடு தூங்கிப்போவது மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது. உங்கள் பாயிலேயே, தலையணையையும் போர்வையையும் ஒதுக்கி, கூந்தலை முடிந்துகொண்டு கொடுங்கள். தற்செயலாகத் தூங்கிவிட்டால், விழித்த கணமே அவனை அவன் படுக்கைக்கு மாற்றுங்கள். இதற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். தாய்ப்பாலும் திடீர்ச் சிசு மரணத்தின் ஆபத்தைக் குறைக்கிறது, அதைத் தொடருங்கள். குறைந்தது 6 மாதம் வரை அவன் உங்களோடு ஒரே அறையில், தனிப் படுக்கையில் தூங்குவதே நல்லது. அந்த விதத்தில் உங்கள் ஒற்றை அறை ஒரு குறையே அல்ல.

தூக்கத்தில் மூச்சு 20 விநாடி நின்றாலோ, உதடு நீலம் பூத்தாலோ, உடல் துவண்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மற்றபடி, 10-வது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது எடையையும் பார்க்கச் சொல்லுங்கள். அன்று உங்கள் அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் தன் சந்தேகங்களை மருத்துவரிடம் நேரில் கேட்கட்டும்.