ஆச்சியிடம் கேளுங்கள்: பறக்கும் ஆம்புலன்சும் பங்காளிக் கணக்கும்

(காரைக்குடியில் கணவருடன் ஆம்புலன்ஸ் தொழிலைத் தொடங்கி, ஏர் ஆம்புலன்ஸ் ஏற்பாடு வரை வளர்த்து, இப்போது பிள்ளைகளிடம் ஒப்படைத்திருக்கும் ஆச்சி, குடும்பத் தொழில் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: அண்ணன் தம்பி மூவரும் சேர்ந்து ஆம்புலன்ஸ் வேன்கள் ஓட்டுகிறோம். ஏர் ஆம்புலன்ஸ் கிடைக்குமா என்று இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். கடன் வாங்கிச் சின்ன விமானம் ஒன்றை எடுத்துவிடலாம் என்கிறான் என் மகன். எடுக்கலாமா? – வாசகர், பள்ளத்தூர்

பதில்: வேண்டாம் தம்பி. வேன் வாங்குகிற கணக்கில் விமானம் வாங்க முடியாது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி, பராமரிப்புப் பொறியாளர்கள், காப்பீடு என்று எல்லாம் வேண்டும். விமானிகளின் பணி நேரத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. இரவு பகல் எந்நேரமும் அழைப்பை ஏற்க வேண்டுமென்றால் இரண்டு விமானிகள் போதாது. விமானம் தரையில் நின்றாலும் செலவு நிற்காது.

இத்தொழிலில் மூன்று தரப்பு உண்டு. விமானம் வைத்திருப்பவர், மருத்துவக் குழு, இருவரையும் நோயாளியிடம் கொண்டுவந்து சேர்ப்பவர். உங்களுக்கு மூன்றாவது இடம் பொருந்தும். அதற்குத் தேவையான வேனும் ஊர்ப் பழக்கமும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் சும்மாதான் கிடக்கிறது. நம் நோயாளிகளைத் திருச்சிக்கோ மதுரைக்கோ சாலை வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே கட்டிலிலிருந்து கட்டில் வரை நேரத்தைக் கணக்கிடுங்கள். விமானம் வேறு ஊரிலிருந்து காலியாக வர வேண்டும். ஓடுதளத்தில் ஏற்ற வேண்டும். சென்னையில் இறக்கி நெரிசலைக் கடக்க வேண்டும். சில வேளைகளில் நேராகச் சாலையில் போகும் ஆம்புலன்ஸே முந்திவிடும். அப்படியானால் அதை அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு வருமானம் குறையும், அடுத்த தடவையும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

கேள்வி: நான் மருத்துவர். மாமனாரும் கொழுந்தனாரும் நடத்தும் ஏர் ஆம்புலன்ஸ் நிறுவனத்தில் நோயாளியுடன் பறக்கும் பொறுப்பு எனக்கு. விபத்தில் அடிபட்ட ஒருவருக்கு மார்பில் குழாய் போடாமல் ஏற்ற முடியாது என்று சொன்னேன். அந்தக் குடும்பம் வேறொருவரிடம் போய்விட்டது. அன்று முதல் வீட்டில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. – பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேவகோட்டை

பதில்: நீ செய்தது சரி அம்மா. உன் மாமனாரும் படிக்கட்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பறக்கும்போது விமான அறையின் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாகக் குறையலாம். அப்போது உடலுக்குள் சிக்கிய காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரியும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருப்பவர் தரையில் சீராகத்தான் இருப்பார். மேலே போனதும் அந்தக் காற்றே நுரையீரலை நசுக்கும். அதை வெளியேற்றத்தான் நீ மார்பில் குழாய் கேட்டாய். குடல் அடைப்பும், மண்டைக்குள் காற்று புகுந்த தலைக்காயமும் இதே வகை. செயற்கை சுவாசக் குழாயின் நுனியில் ஒரு சிறு பலூன் இருக்கிறதே, அதுகூட விரியும். எங்களுடன் பறந்த செவிலியர் ஒருவர், விமானம் மேலேறத் தொடங்கியதும் அழுத்த அளவியை இணைத்து, ஊசிக்குழலால் அந்தப் பலூனின் காற்றைச் சிறுகச் சிறுக எடுப்பார். இறங்கும்போது மறுபடி ஏற்றுவார். பேச்சுக் கொடுத்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். மறந்தால் மூச்சுக்குழாயின் சுவர் புண்ணாகிவிடும். இவ்வளவு நுணுக்கமான தொழிலில், ‘ஏற்றலாம்’ என்று சொன்னால்தான் வீட்டுக்கு வருமானம் என்ற நிலையில் ஒரு மருத்துவரை நிறுத்தலாமா?

2011 மே மாதம் பாட்னாவிலிருந்து டெல்லிக்கு நோயாளியை ஏற்றிவந்த சிறு விமானம் ஃபரிதாபாத்தில் குடியிருப்பின் மேல் விழுந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 10 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் 2008-இல் மருத்துவ ஹெலிகாப்டர்கள் அடுத்தடுத்து விபத்துக்குள்ளாயின. 2014-இல் விதிகளை இறுக்கினார்கள். அங்கே பொறுப்பான நிறுவனங்கள், நோயாளி குழந்தையா, உயிருக்குப் போராடுகிறவரா என்று விமானியிடம் சொல்வதில்லை. இரக்கம் வந்தால் மேகம் கண்ணில் படாது. வானிலையை மட்டும் பார்த்து அவர் முடிவு சொல்ல வேண்டும். குழுவில் யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் பயணம் இல்லை.

நம் வீடுகளில் கல்யாணமான மகனை வேறு வைப்பார்கள். வளவு, அதாவது வீட்டு முற்றம், ஒன்றுதான்; அடுப்பும் கணக்கும் தனித்தனி. அதில் பகை ஏதும் இல்லை, ஒரே வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கத்தான் அந்த ஏற்பாடு. உங்கள் நிறுவனத்திலும் மருத்துவ முடிவை அப்படி வேறு வைக்கச் சொல். உனக்கு மாதச் சம்பளம் இருக்கட்டும். பயணத்துக்கு இவ்வளவு என்று கூலி வேண்டாம். மருத்துவர் மறுத்தால் அதை யாரும் மாற்ற முடியாது என்று எழுதி, பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். வெளியிலிருந்து இன்னொரு மருத்துவரையும் நியமித்துவிட்டால், மறுப்பு வரும்போதெல்லாம் அது மருமகளின் பிடிவாதமாகத் தெரியாது. இதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால், நீ மருமகளாக அந்த வீட்டில் இரு; வேலையை வேறு இடத்தில் பார். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் இத்தொழிலில் பெரிய முதலீட்டாளர்கள் இறங்கிவிட்டார்களாம். இங்கும் விலை ஏறும் வரை காத்திருந்து நிறுவனத்தை விற்றுவிடலாமா? – வாசகர், கோட்டையூர்

பதில்: அங்கே நடந்ததை முழுதாகப் பாருங்கள். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநிலங்கள் விமானக் கட்டணத்தில் கைவைக்க முடியவில்லை. மயங்கிக் கிடந்தவர் கண் விழித்தபோது, ஆயிரக்கணக்கான டாலருக்கு ரசீது காத்திருந்தது. மக்கள் கொதித்தார்கள். எதிர்பாராத மருத்துவக் கட்டணத்தைத் தடுக்கும் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதலீட்டாளர்கள் வாங்கியிருந்த ‘ஏர் மெத்தட்ஸ்’ என்ற மிகப் பெரிய நிறுவனம் 2023 அக்டோபரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. பெரிய பணம் வந்தால் தொழில் பிழைத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

விற்பதும் விற்காததும் உங்கள் விருப்பம். அதுவரை கட்டணத்தை நேர்மையாக வையுங்கள். நம்மிடம் வருகிறவர்கள் நள்ளிரவில் நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். மருத்துவர், ஆக்சிஜன், இரண்டு முனையிலும் வேன், விமானம் காலியாக வரும் செலவு எல்லாம் அடங்கிய ஒரே தொகையைப் பயணத்துக்கு முன்பே தாளில் எழுதிக் கொடுங்கள். புறப்படுவதற்கு முன்பே நோயாளி இறந்துவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். அதை எழுதக் கை கூசும். அதற்காக விட்டுவிட்டால், பிணத்தை வைத்துக்கொண்டு பேரம் பேச நேரும்.

கேள்வி: மின்சார விமானங்கள் வந்தால் நம் வேன்களுக்கு வேலை இருக்குமா? – வாசகர், கானாடுகாத்தான்

பதில்: இருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான இ-பிளேன் நிறுவனம், 788 மின்சார ஏர் ஆம்புலன்ஸ்களை வழங்க ஒப்பந்தம் செய்திருப்பதாக 2025-இல் செய்தி வந்தது. ஓடுதளமே வேண்டாம், செங்குத்தாக எழும்பும் என்கிறார்கள். நம்மூர் போன்ற இடங்களுக்கு வந்தால் நான் மனதார மகிழ்வேன். ஆனாலும் அதன் அருகே வரை நோயாளியைக் கொண்டுபோக வேன் வேண்டும், மூச்சைக் கவனிக்க ஆள் வேண்டும். இப்போதே பணத்தைக் கொண்டுபோய் முடக்காதீர்கள். முதலில் பாதுகாப்புச் சான்று கிடைக்கட்டும்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகன் நேராக நம் நிறுவனத்தில் சேர்கிறேன் என்கிறான். – வாசகி, காரைக்குடி

பதில்: சேர்க்காதீர்கள், இப்போதைக்கு. பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய காலத்தில் நம் பிள்ளைகள் அடுத்தவர் கடையில் பெட்டியடியில் உட்கார்ந்துதான் தொழில் பழகினார்கள். அவசர மருத்துவ உதவியாளர் படிப்போ விமானப் பராமரிப்புப் படிப்போ, அவனுக்குப் பிடித்ததைப் படிக்கட்டும். பிறகு வெளியில் ஒரு நிறுவனத்தில் இரவுப் பணி பார்க்கட்டும். திரும்பி வந்தால் முதல் வேலையாக ஆக்சிஜன் சிலிண்டர் கணக்கைக் கொடுங்கள்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், பயணம் எத்தனை நிமிடம், அதற்கு மேல் பாதியாவது கூடுதல் கையிருப்பு. அதில் பிசகாமல் இருந்தால் காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமையைப் பிறகு பார்க்கலாம்.