அம்மாவோடும் பிள்ளைகளோடும் ஆங்கிலேயர் பாதையில் நடக்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. காரைக்காலிலிருந்து வேலைக்காக பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, தலைநகர் சேன் தெனியில் இருக்கிறோம். ஜூலையில் அம்மா வருகிறார்கள். 67 வயது, முழங்கால் வலி கொஞ்சம் உண்டு. பிள்ளைகளுக்கு 10 வயது, 6 வயது. வடக்குக் கடலோரத்தில் மலை மேலே ஒரு பழைய கல்பாதை இருக்கிறது, கண்டிப்பாகப் போங்கள் என்று வேலையிடத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். குடும்பத்தோடு போகலாமா? எவ்வளவு நேரமாகும்? பாம்பு இருக்குமா?

பதில்: போகலாம். பாதிப் பாதை மட்டும். அம்மா அந்தப் பாதியிலும் நடக்க வேண்டாம், ஆனால் அவர்களை வீட்டில் விட்டுவிட்டும் போகாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் நண்பர்கள் சொல்வது ஷெமேன் தேசாங்லே, அதாவது ஆங்கிலேயர் பாதை. லா பொசெஸ்யோனில் தொடங்கி, கடலுக்கு மேலே மலைச்சரிவில் ஏறி, கிராந்த் ஷலூப் என்ற பள்ளத்தாக்கில் இறங்கி, அங்கிருந்து மறுபடி ஏறி சேன் பெர்னார் வரை போகிறது. முழுவதும் நடந்தால் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஷலூப்பில் இறங்கி உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு, கடல்மட்டத்திலிருந்து இரண்டாம் ஏற்றத்தைத் தொடங்கும்போதுதான் இந்தப் பாதை யார் என்று காட்டும். ஆறு வயதுப் பிள்ளை அங்கேயே "தூக்குப்பா" என்று நின்றுவிடும். அதனால் லா பொசெஸ்யோனிலிருந்து ஷலூப் வரை, சுமார் 5 கிலோமீட்டர், அது போதும். நல்ல நடைக்காரர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பார்கள். பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் தின்பது, கடலைப் பார்ப்பது, சண்டை போடுவது எல்லாம் சேர்த்து.

இப்போது கல்லைப் பற்றி. இதைச் சரியாகச் சொல்லாமல்தான் பலர் புதிதாக வருபவர்களை அனுப்பிவிடுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் போட்ட பாதை இது, கறுப்பு எரிமலைக் கல்லை நெருக்கமாகப் பதித்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஊர்க் கோயில் பிராகாரத்துக் கல்தளம் மாதிரி இருக்கும், கிட்டே போனால் அப்படி இல்லை: ஒரு கல் உயரம், பக்கத்துக் கல் தாழ்வு, நடுவில் விரல் நுழையும் சந்து, ஒவ்வொரு கல்லின் முதுகும் இருநூறு வருடக் காலடியில் வழவழவென்று உருண்டிருக்கும். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் காலை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு அடிக்கும் பார்க்க வேண்டும், முந்தைய இரவு தூறல் விழுந்திருந்தால் எண்ணெய் தடவிய அம்மிக்கல்தான். காய்ந்த இலை மூடிய கல் இன்னும் மோசம். அக்டோபரில் தீவையே குறுக்கே கடக்கும் பெரிய ஓட்டப்பந்தயம் நடக்குமே, திகோனால் தே ஃபூ, ஏறக்குறைய 170 கிலோமீட்டர், அதில் ஓடுகிறவர்கள் கடைசிக் கட்டத்தில் இந்தக் கல்மேல்தான் வருகிறார்கள். மலையெல்லாம் தாண்டி வந்தவர்களே இந்தக் கல்லைத் திட்டுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த இறக்கம் வேண்டவே வேண்டாம்.

நான் சொல்லும் வழி இது. காலை ஏழு மணிக்கு, ஜூலையில் அப்போதுதான் விடியும், நடப்பவர்களை லா பொசெஸ்யோனில் பாதை தொடங்கும் இடத்தில் இறக்கிவிடுங்கள். காரோட்டுபவர் அம்மாவோடு கடலோர நெடுஞ்சாலையில் ஷலூப்புக்குப் போய்விடட்டும், சில நிமிடத் தூரம்தான். கணவனும் மனைவியும் யார் நடப்பது, யார் காரில் வருவது என்பதை முதல் நாள் இரவே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள், காலையில் பாதையோரம் நின்று பேச வேண்டாம். சாப்பாட்டுக் கூடையும் காரிலேயே போகட்டும். புளிசாதம், எலுமிச்சைசாதம் நல்லது, தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். நடப்பவர்கள் பையில் பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிள்ளைகளுக்கு முக்கால் லிட்டராவது இருக்க வேண்டும், வழியில் குழாய் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தீவின் வறண்ட பக்கம் இது, மழைக்காற்று கிழக்கிலேயே கொட்டிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வரும், நிழலும் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். தொப்பி கட்டாயம்.

நடக்கும்போது பிள்ளைகளுக்குக் காட்ட நிறைய உண்டு. கீழே துறைமுகத்துக் கப்பல்கள், கடலுக்குள் தூண்மேல் நிற்கும் புதிய சாலை (அந்தப் பாலம் மட்டும் 5 கிலோமீட்டருக்கு மேல் நீளம், மலையிலிருந்து கல் உருண்டு பழைய சாலையில் விழுந்துகொண்டே இருந்ததால் கட்டினார்கள்), அப்புறம் வால் மட்டும் இரண்டு நூல் மாதிரி நீண்ட வெள்ளைப் பறவை, பாய்-ஆன்-கே என்பார்கள், பாறை இடுக்கில் கூடு வைக்கும். லத்தானியே என்று ஒரு மரமும் உண்டு. விசிறி விசிறியாக ஓலை, பார்த்தால் உங்கள் அம்மா "பனைமரம்" என்று சொல்லிவிடுவார்கள், உண்மையில் அது பனைக்குச் சொந்தக்கார மரம்தான். இந்தத் தீவுகளை விட்டால் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம்.

அம்மாவை ஏன் ஷலூப்புக்குக் கூட்டிப்போகச் சொன்னேன் என்றால், அங்கேதான் லசரே இருக்கிறது, கப்பலில் வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த பழைய கட்டடம். 1848 டிசம்பர் 20ஆம் தேதி இங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். 1860இல் பிரான்சும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட, புதுச்சேரி, காரைக்கால், மதராஸ் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். அம்மை, காலரா என்ற பயத்தில் ஊருக்குள் விடாமல் முதலில் இந்தப் பள்ளத்தாக்கில்தான் அடைத்து வைத்தார்கள். முன்னால் கடல், இரண்டு பக்கமும் செங்குத்து மலை, எங்கே ஓடுவது? உங்கள் அம்மா காரைக்காலிலிருந்து வருகிறவர், அந்தச் சுவர் ஓரமாக ஒருமுறை நடந்து பார்க்கட்டும். ஒரு கட்டடத்தைப் பழுது பார்த்துக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள், திறக்கும் நாளும் நேரமும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே 1882இல் ஓடத் தொடங்கிய ரயிலின் பழைய நிலையமும் இருக்கிறது, சின்னவனுக்கு அது போதும்.

பெயர்க் கதையும் சொல்லிவிடுகிறேன், பெரியவன் கேட்பான். 1810 ஜூலை 7ஆம் தேதி ஆங்கிலேயப் படை இறங்கிய இடங்களில் கிராந்த் ஷலூப்பும் ஒன்று, அந்தப் படை இந்தப் பாதை வழியாகத்தான் சேன் தெனியை நோக்கி ஏறியது. அந்தப் படையில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். ஆக அந்த 1860 ஒப்பந்தத்துக்கு ஐம்பது வருடம் முன்பே நம் பக்கத்து ஆட்கள் துப்பாக்கியோடு இதே பள்ளத்தாக்கில் இறங்கியிருக்கிறார்கள். இதைப் பலரும் கவனிப்பதே இல்லை.

செருப்பு விஷயத்தில் என் கதையைக் கேளுங்கள். என் சித்தி வந்திருந்தபோது, ஊரில் வாங்கி மூன்று வருடம் அலமாரியில் புதுசாகவே வைத்திருந்த நடைக்காலணியைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இறக்கத்தில் நடுவழியில் வலது காலின் அடிப்பாகம் தோசை மாதிரி உரிந்து வந்துவிட்டது, பத்து நிமிடத்தில் இடதும். கயிறு இல்லை, என் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையைக் கிழித்துக் கட்டி மிச்ச வழியை ஒன்றரை மணி நேரம் நடந்தோம். போடாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் அந்த மெத்தென்ற அடிப்பாகம் தானாகவே பொடிந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் பழைய ஷூ என்றால் கிளம்பும் முன் கையால் வளைத்து, நகத்தால் ஓரத்தை நெம்பிப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் சாதாரண ஓட்டக் காலணி போதும், அடியில் பல் தேயாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். செருப்பு, குரோக்ஸ், குழந்தை வண்டி மூன்றும் வேண்டாம்.

பாம்பு: விஷப்பாம்பு இந்தத் தீவில் கிடையாது, நிம்மதியாக இருங்கள். பூரான் உண்டு, பெரிசாகவே இருக்கும், பிள்ளைகள் கல்லைப் புரட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொசுவுக்குக் களிம்பு தடவுங்கள், டெங்கு, சிக்குன்குனியா இரண்டும் இங்கே வந்துபோகும். ஓடைப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் காலை நனைக்கவிடாதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் பிடிக்கிறது, காலில் சிராய்ப்பு இருந்தால் இன்னும் எளிது. கடலில் முழங்கால் அளவுகூட வேண்டாம். சுறாவால் 2013இலிருந்து பவளத்திட்டுக்குள் இருக்கும் அமைதியான நீரையும் காவல் உள்ள இடங்களையும் தவிர வேறெங்கும் குளிக்கத் தடை, வடக்கில் அந்தப் பவளத்திட்டே இல்லை. சுறா ஒருபக்கம் இருக்கட்டும், உருண்டைக் கல் கரையில் அலை திரும்பும்போது காலடிக் கல்லும் சேர்ந்து உருளும், பெரியவர்களே விழுவார்கள்.

ஜூலை நல்ல மாதம், வறட்சி, வெயிலும் அடங்கியிருக்கும். புயல் காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஆனாலும் கிளம்பும் முன் வனத்துறையான ஓ.என்.எஃப் பாதையை மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் போகாதீர்கள். 2025 பிப்ரவரி 28ஆம் தேதி கரான்ஸ் புயல் இந்த வடக்குப் பக்கத்தைத்தான் புரட்டிப் போட்டது, மரமும் மண்ணும் சரிந்த பாதையைத் திறக்கப் பல காலம் ஆகும், வானம் நீலமாக இருக்கிறதே என்று தடுப்பைத் தாண்டிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். மாலையில் ஆறுக்கு முன்பே மளமளவென்று இருட்டிவிடும். அவசரத்துக்கு 112.

அம்மாவுக்கும் நடக்க ஆசையாக இருக்கும், இல்லையா? அதற்கு சேன் தெனிக் கடலோரத்தில் இருக்கும் பராஷ்வா. பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்கும் இடத்திலிருந்து கிழக்கே சேன்த் மரி பக்கமாகக் கடலோரமாகவே சமதளப் பாதை போகிறது, சைக்கிளும் வரும், ஓரமாக நடக்கச் சொல்லுங்கள். வந்த முதல் வாரம் தினமும் அரை மணி நேரம் அங்கே நடந்தால் உடம்பு ஊருக்குப் பழகும். ஒரு ஞாயிறு சேன்த் சூசான் வரை காரில் போய் பெல்-ஏர் கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிடலாம், 1840களில் கட்டியது, ஏறி இறங்கும் வேலை இல்லாமல் கடல் தெரியும்.

முந்தைய இரவு மழை பெய்திருந்தால் ஆங்கிலேயர் பாதையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, கட்டிய புளிசாதத்தை பராஷ்வாவிலேயே சாப்பிடுங்கள்.