மண்டே அனுப்பியிருப்போம்னு எழுதினா ட்ராக்கிங் நம்பர் கேட்கத்தான் செய்வாங்க

கேள்வி: கார்மென்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். மண்டே போக வேண்டிய சாம்பிள், டையிங் லேட்டானதால போகல. பையருக்கு "வி வுட் ஹேவ் சென்ட் த சாம்பிள் ஆன் மண்டே"ன்னு மெயில் போட்டேன், அவர் ட்ராக்கிங் நம்பர் கேட்கறார்! நடக்காம போன பிளானை இங்கிலீஷ்ல எப்படித்தான் சொல்றது?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பையர் மேல தப்பில்லைங்க. "தே வுட் ஹேவ் ரீச்ட் பை நவ்"னா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாங்கன்னு ஒரு யூகம்தானே, உங்க லைனையும் அவர் அப்படித்தான் படிச்சிருக்கார், சாம்பிள் மண்டேவே கிளம்பிடுச்சு போலன்னு. வுட் ஹேவ் போட்டா எது தடுத்துச்சுங்கறதையும் அதே மூச்சுல சொல்லிடணும், "பட் த டையிங் வாஸ் டிலேட்"னு சேர்த்திருந்தா இந்தக் குழப்பமே வந்திருக்காது.

அடுத்து, பிளான் யாரோடதுன்னு பாருங்க. நம்ம மனசுல மட்டும் இருந்த எண்ணம்னா வாஸ் கோயிங் டு. ஃபிரெண்டுகிட்ட "ஐ வாஸ் கோயிங் டு கால் யூ"ன்னு தாராளமா சொல்லலாம், ஆனா டேட் குடுத்துட்டு பையர்கிட்ட "வி வேர் கோயிங் டு சென்ட்"னா, ஏதோ நாமளா நினைச்சோம் நாமளா விட்டுட்டோம்ங்கற மாதிரி ஆயிடும். ஒத்துக்கிட்ட தேதிக்கு "வேர் சப்போஸ்டு டு"தான் சரி. தப்பை ஒத்துக்கற மாதிரி இருக்கேன்னு நிறைய பேர் இதைத் தவிர்க்கறாங்க, எனக்கு அது பிடிக்கறதில்ல, வாக்கு குடுத்தது உண்மைதானே, அதைச் சொன்னாத்தான் நம்பிக்கை வரும். ஆனா இதையே எதிராளி பக்கம் திருப்பிடாதீங்க. "யூ வேர் சப்போஸ்டு டு அப்ரூவ் த லேப் டிப்"னா (லேப் டிப்னா கலர் சரியான்னு பார்க்க சாயம் போட்டு அனுப்பற துணித் துண்டு) சண்டைக்குப் போற தொனி. அங்க "வி வேர் எக்ஸ்பெக்டிங் யுவர் அப்ரூவல் பை ஃப்ரைடே" போதும்.

பார்சல் கட்டி கூரியர்காரர் கையில குடுக்கற நேரத்துல நின்னு போச்சுன்னா மட்டும் வேர் அபௌட் டு. போன வாரமே போட்ட பிளானுக்கு அது ஆகாது.

முக்கியமான ஒண்ணு, "ஹேட் டு" வேண்டவே வேண்டாம். அனுப்ப வேண்டியிருந்துச்சுன்னு நாம சொன்னா போனதா போகலையான்னு தெரியாது, ஆனா "வி ஹேட் டு சென்ட் இட் ஆன் மண்டே"ன்னா பெரும்பாலும் அனுப்பிட்டோம்னுதான் படிப்பாங்க.

நியூஸ்ல "வாஸ் டு ஹேவ்"னு ஒண்ணு வரும். "அப்போலோ 13 வாஸ் டு ஹேவ் லேண்டட் ஆன் த மூன்", 1970 ஏப்ரல்ல ஆக்ஸிஜன் டேங்க் வெடிச்சு, நிலாவுல இறங்காமலே திரும்பினாங்கல்ல, அது. அந்த ஹேவ் இருந்தாலே நடக்கலன்னு அர்த்தம். படிச்சா புரியட்டும், மெயிலுக்கு வேண்டாம்.

இப்ப பையருக்கு இப்படி அனுப்புங்க: "வி வேர் சப்போஸ்டு டு சென்ட் த சாம்பிள் ஆன் மண்டே, பட் த டையிங் வாஸ் டிலேட், சோ இட் ஹேஸ் நாட் பீன் சென்ட் யெட்." அதுக்குக் கீழயே புது தேதி, டையிங் யூனிட்ல கேட்டு உறுதி பண்ணின தேதியா போடுங்க.