"அப்பாவுக்குத் தொந்தரவு இல்லை"

கேள்வி: எனக்கு வயது 36. காவேரிப்பட்டணம் பக்கத்தில் கிராமம். ஓசூரில் தொழிற்சாலை வேலை. கம்பெனி பஸ்ஸில் போக வர மூன்று மணி நேரம். பாட்டுதான் எனக்கு உயிர். சின்ன வயதில் மாந்தோப்புக் காவலுக்கு அப்பாவோடு போய்ப் படுப்பேன். அவர் தலைமாட்டில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். அங்கே பிடித்த பைத்தியம். 2025-இல் மட்டும் 58,412 நிமிடம் பாட்டுக் கேட்டிருப்பதாக ஸ்பாட்டிஃபை கணக்குக் காட்டுகிறது. ஜனவரியில் பாடகர் ஜெயச்சந்திரன் இறந்தபோது ஒரு வாரம் அவர் குரலைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. மார்ச்சில் இளையராஜா லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியதிலிருந்து மேற்கத்திய இசையும் கேட்கிறேன். வருடக் கடைசியில் எனக்குப் பிடித்த 25 பாட்டுகளை வரிசைப்படுத்தி, எந்த நாளில் என்ன மனநிலையில் கேட்டேன் என்று நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். இந்த வருடம் 14,000 ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்கினேன். ராத்திரி கூடத்தில் வைத்துக் கேட்பேன். அப்பாவுக்கு இரண்டு வருடமாகக் காது சரியாகக் கேட்பதில்லை. அதனால் சத்தமாக வைத்தாலும் அவருக்குத் தொந்தரவு இல்லை. மனைவிதான் ஸ்பீக்கரைப் போட்டாலே எரிந்து விழுகிறாள். என் பட்டியலைப் படித்துக் காட்டினால் பாதியில் எழுந்து போய்விடுகிறாள். ரசனையே இல்லாத ஒருத்தியோடு எப்படிக் காலம் தள்ளுவது?

- பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தம்பி, வீட்டில் இருப்பவளுக்கு ரசனை இல்லை என்று எனக்கு வருகிற கடிதங்கள் ஏராளம். ஒருவருக்குக் கிரிக்கெட், ஒருவருக்குப் புத்தகம், உங்களுக்குப் பாட்டு. விட்டுக்கொடுத்துப் போங்கள், அவருக்குப் பிடித்த பாட்டையும் போடுங்கள் என்று நான் சொல்வேன் என நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் அப்புறம். உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

"அப்பாவுக்கு இரண்டு வருடமாகக் காது சரியாகக் கேட்பதில்லை, அதனால் தொந்தரவு இல்லை."

எழுதும்போது கை நிற்கவில்லையா? உங்களுக்குப் பாட்டைக் காட்டியவர் அவர். கொசுக்கடியில், கயிற்றுக் கட்டிலில், பக்கத்தில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு ரேடியோவைத் திருகியவர் அவர். அந்த மனிதருக்குப் பாட்டு நின்றுபோய் இரண்டு வருடம் ஆகிறது. நீங்கள் அதை ஒரு வசதியாக எழுதியிருக்கிறீர்கள். ஜெயச்சந்திரனுக்காக ஒரு வாரம் துக்கம் காத்தீர்கள், நல்லது, அந்தக் குரலுக்கு அது தகும். அதே கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் குரல் எட்டவே இல்லையே, அது உங்கள் நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

58,412 நிமிடம் என்றால் நாற்பது நாளுக்கு மேல், ராத்திரி பகல் சேர்த்து. பஸ்ஸில் கேட்பதை நான் தொடமாட்டேன். மூன்று மணி நேரம் குலுங்கிக்கொண்டு போய்வரும் மனுஷனுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? ஆனால் அப்பாவின் காதை டாக்டரிடம் காட்ட அரை நாள் போதும். இரண்டு வருடத்தில் அந்த அரை நாள் கிடைக்கவில்லை. ஸ்பீக்கருக்கு 14,000 கிடைத்திருக்கிறது.

வயதானால் அப்படித்தான் என்பீர்கள். வயதில் வரும் காது மந்தம் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கொண்டுபோவதில்லை. முதலில் போவது கூர்மையான சத்தங்கள். கூத்தில் ஜால்ராவின் கிணுகிணுப்பு முதலில் மங்கும். மத்தளத்தின் அடி வெகுநாள் கேட்கும். பேச்சிலும் அதே கதைதான். "பத்து" என்றாலும் "கத்து" என்றாலும் "சத்து" என்றாலும் அவருக்கு ஒன்றுபோலத்தான் விழும். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அதனால்தான் சில சமயம் பதில் சொல்வார், சில சமயம் விழிப்பார். வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்து "வேணும்னா கேட்குது, வேண்டாம்னா கேட்கல" என்று சொல்லிச் சிரிப்போம். நாமும் சொன்னவர்கள்தான்.

என் மாமனார் கடைசிக் காலத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நாங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார், எதற்கென்று தெரியாமலே. ஒரு நாள் என் சின்ன மகள் பள்ளிக்கூடத்தில் நடந்த எதையோ அவரிடம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் "தாத்தாகிட்ட சொல்லி என்ன" என்று எழுந்து போனாள். ஏழு வயது அவளுக்கு. அதை அவள் எங்களிடம்தான் கற்றுக்கொண்டாள். அவரை நாங்கள் டாக்டரிடம் கூட்டிப்போகவே இல்லை. வயசு என்று சொல்லிக்கொண்டோம். அவர் போய்ப் பல வருடம் ஆகிறது, அந்தத் தலையாட்டல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீங்களும் அதே பாதையில் போவதைப் பார்த்துக்கொண்டு உங்களுக்கு இதமாகப் பதில் எழுத என்னால் ஆகாது.

இப்போது உங்கள் மனைவி. நீங்கள் காலையில் பஸ் ஏறினால் ராத்திரிதான் வீடு. பகல் முழுக்க உங்கள் அப்பாவோடு இருப்பது அந்தப் பெண். "மாமா, சாப்பிட வாங்க" என்பதை அவர் ஒரு தடவை சொல்லி நிறுத்த முடியாது. மூன்று தடவை, நான்காவது தடவை கத்த வேண்டும். மாத்திரை போட்டாரா என்று கத்த வேண்டும், வாசலில் யார் வந்தது என்று கத்த வேண்டும். தெரு முழுக்கக் கேட்கும், பக்கத்து வீட்டுக்காரி மாமனாரோடு சண்டை என்று நினைப்பாள். சாயங்காலம் ஆகும்போது அந்தத் தொண்டைக்கும் அந்தக் காதுக்கும் வேண்டியது அமைதி ஒன்றுதான். அப்போது நீங்கள் வந்து ஸ்பீக்கரைப் போடுகிறீர்கள், நோட்டை எடுத்து 25 பாட்டின் வரலாறு வாசிக்கிறீர்கள். எழுந்து போகாமல் என்ன செய்வார்? அதற்கு ரசனை இல்லை என்று பெயர் வைக்காதீர்கள். பெற்ற அப்பாவின் காதுக்குப் பிள்ளை செய்ய வேண்டியதை அவர் தன் தொண்டையால் செய்துகொண்டிருக்கிறார்.

பிள்ளையின் கடமையை மருமகள் தலையில் இறக்கிவிட்டு, "அவள் பார்த்துக்கொள்கிறாள்" என்று சொல்லிக்கொள்வதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. காசு கொடுப்பது மட்டும் பார்த்துக்கொள்வது ஆகாது.

இது மார்கழி. உங்கள் ஊர்க் கோயிலில் விடிகாலையில் திருப்பாவை போடுவார்கள். அப்பா அந்தச் சத்தம் கேட்டு எழுகிறாரா, இத்தனை வருடப் பழக்கத்தில் எழுகிறாரா? அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பதினெட்டு நாளும் பாரதம் கேட்டு, விடிய விடியக் கூத்துப் பார்க்கிற ஜனம் நம் பக்கத்து ஜனம். கர்ணன் சாகிற ராத்திரியில் கட்டியங்காரன் பேச்சும் பாட்டும் பிடிபடாமல், வேஷத்தை மட்டும் பார்த்துவிட்டு உங்கள் அப்பா வீடு திரும்பியிருந்தால், அவர் அதை யாரிடம் சொல்லியிருப்பார்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி பக்கம் போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். சில பேருக்குக் குறும்பி கெட்டியாக அடைத்துக்கொண்டே பாதி மந்தம் இருக்கும். அதை எடுத்தாலே வித்தியாசம் தெரியும். அதைத் தாண்டியும் குறை இருந்தால் செவித்திறன் பரிசோதனை செய்வார்கள். குறையின் அளவைப் பொறுத்துச் சான்று கிடைத்தால், காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை இலவசமாகத் தருகிறது. கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள். காசு போட்டு வாங்குவதானாலும் தயங்காதீர்கள்.

கருவி மாட்டிய முதல் சில வாரம் அவருக்குக் கஷ்டமாக இருக்கும். தட்டு வைக்கிற சத்தம் தலையில் அடித்தது போல விழும், பாட்டு தகர டப்பாவில் வருவதுபோல இருக்கும். அந்தக் கருவி முக்கியமாகப் பேச்சுக்கென்று அமைத்தது. எரிச்சலில் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள் நிறையப் பேர். தினம் கொஞ்ச நேரம் என்று பழக்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருங்கள். எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி, நிதானமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம்.

உங்கள் காதையும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு), அதுதான் பாதுகாப்பான அளவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக் கூட நேரம் மளமளவென்று குறையும். தொழிற்சாலையில் மிஷின் சத்தம் வேறு. ஹெட்செட்டைக் குறைத்து வையுங்கள்.

வர்ற வாரமே ஒரு நாள் லீவு போடுங்கள். வெளிநோயாளிச் சீட்டு காலையில்தான், சீக்கிரம் கிளம்ப வேண்டும். ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் ஹெட்செட் வேண்டாம். பஸ்ஸில் அப்பாவுக்கு எந்தக் காது கொஞ்சம் நன்றாகக் கேட்குமோ அந்தப் பக்கம் உட்காருங்கள். எந்தக் காது என்று தெரியவில்லை என்றால் உங்கள் மனைவியைக் கேளுங்கள். அவருக்குத் தெரியும்.