கிட்டார்: நரம்பும் கம்பியும்

கேள்வி: எங்கள் தேவாலயப் பாடற்குழுவில் வாசிப்பதற்காக என் மாமா தந்த பழைய கிட்டாரில் நைலான் தந்திகள் இருந்தன. ஓசை போதவில்லை என்று சொன்னதும், கடை ஒன்றில் எஃகுக் கம்பிகளை மாட்டித் தந்தார்கள். இரண்டே மாதத்தில், தந்திகளைப் பிடித்திருக்கும் 'குதிரை' என்ற மரத்துண்டு மேற்பலகையை விட்டுப் பெயர்ந்து எழும்புகிறது. தந்திகளுக்குள் அத்தனை வேறுபாடு உண்டா? கிட்டார் நம் யாழிலிருந்து வந்தது என்பது உண்மையா?
- வாசகி, காட்பாடி

பதில்: முதலில், அந்தக் கம்பிகளை இன்றே தளர்த்திவிடுங்கள். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ எடையளவுக்குக் குதிரையை இழுக்கும். எஃகுக் கம்பிகளோ 70 கிலோவுக்கும் மேல் இழுக்கும். வேலூர்க் கோடையில் பசையும் இளகும் என்பதால், பழுது பார்த்த பின்னும் கிட்டாரை வெயிலிலோ மூடிய காரிலோ வைக்காதீர்கள்.

யாழிலிருந்து கிட்டார் வரவில்லை. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். கிட்டாரில் வீணையைப் போல ஒரே தந்தியைக் கழுத்தின் குறுக்கே உள்ள மெட்டுகளின் மேல் அழுத்திப் பல சுரங்களைப் பெறுகிறோம். கிரேக்கரின் கித்தாராவும் யாழைப் போல மெட்டில்லாத கருவிதான். அந்தப் பெயர் மட்டுமே அரபு மொழி வழியாக ஸ்பெயினை அடைந்து கிட்டாருக்கு நிலைத்தது. 16ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் இரட்டைத் தந்திகளாக நான்கு வரிசை கொண்டிருந்த கருவி, அடுத்த நூற்றாண்டில் ஐந்து வரிசையாகி, 1800ஐ ஒட்டி ஆறு தனித் தந்திகளைப் பெற்றது.

தந்தியை 'நரம்பு' என்ற நம் முன்னோரின் சொல் அன்றைய கிட்டாருக்கும் அப்படியே பொருந்தும். ஆட்டுக் குடலை முறுக்கி உலர்த்தியே தந்தி செய்தார்கள்; கீழ்ச்சுரத் தந்திகளுக்குப் பட்டு நூலின் மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றினார்கள். ஆட்டுத்தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவே வாழும் நமக்கு இது வியப்பாக இராது. ஸ்பெயினின் அல்மேரியா நகரத்துக் கிட்டார்க் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் (1817-1892) இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு வடிவம் தந்தது இந்த மென்மையான இழுவிசையை மனத்தில் கொண்டுதான்: மெல்லிய மேற்பலகை, அதன் அடியில் விசிறி போல் விரியும் சிறு சட்டங்கள், 65 சென்டிமீட்டர் தந்தி நீளம். இரண்டாம் உலகப்போரின்போது குடல் நரம்பு அறுவை சிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட்டு அரிதாகிவிடவே, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் தந்திகளை உருவாக்கினார். நரம்பின் இடத்தை நைலான் பிடித்தது. கிட்டாரின் உடல் மாறவில்லை.

எஃகுக் கம்பிக்கோ உடலையே மாற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மார்ட்டின் நிறுவனம் 1920களில், மேற்பலகையின் அடியில் பெருக்கல் குறி வடிவில் சட்டங்கள் அமைந்த தன் கிட்டார்களை எஃகுக்கு ஏற்ப வலுப்படுத்தியது. இன்று அவ்வகைக் கிட்டார்களின் கழுத்துக்குள் பெரும்பாலும் ஓர் உலோகக் கம்பி இருந்து வளையாமல் காக்கிறது. உங்கள் மாமா தந்த கிட்டாருக்கு இந்தக் காப்பு எதுவும் இராது. இதைச் சொல்லாமல் கம்பியை மாட்டிக் கொடுத்தது பெருந்தவறு, வருத்தமாக இருக்கிறது.

குதிரையைத் திரும்ப ஒட்டிய பின் நைலானையே மாட்டுங்கள். ஓசை கூட வேண்டுமானால் ஒரு மைக்கை அருகில் வையுங்கள், அல்லது அதிர்வை மின்னலையாக மாற்றும், குதிரைக்கு அடியில் பொருத்தும் பிக்கப்பை வாங்குங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் காந்த பிக்கப், இரும்பின் அசைவை மட்டுமே உணரும். நைலானுக்கு அது பயன்படாது.