ஸ்டாக் ஃபீல்டில் ஆட்டத்தை நிறுத்தியது அணு உலையா?

கேள்வி: சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டாக் ஃபீல்ட் விளையாட்டரங்கில்தான் உலகின் முதல் அணு உலை இயங்கியது என்று படித்தேன். அந்தக் கதிர்வீச்சுக்குப் பயந்தே அங்கு கால்பந்தை நிறுத்தி, அரங்கையும் இடித்துவிட்டார்கள் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மைதானா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதல் பாதி உண்மை, நண்பர் சொல்லும் மறுபாதி தலைகீழானது. ஆட்டம் நின்றது 1939-இல்; உலை வந்தது 1942-இல். ஆளில்லாமல் கிடந்த அரங்கு என்பதால்தான் உலைக்கு அங்கே இடம் கிடைத்தது.

மார்ஷல் ஃபீல்ட் என்ற பெருவணிகர் அளித்த நிலத்தில் 1893-இல் தொடங்கிய மைதானம் அது. 1892 முதல் 1932 வரை பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக்கின் பெயரை 1913-இல் அதற்குச் சூட்டினார்கள். பிற்காலத்தில் ஏறத்தாழ 50,000 பேர் அமரும் அளவுக்கு அது வளர்ந்தது. சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்குத் தரப்படும், இன்று ஹெய்ஸ்மன் கோப்பை எனப்படும் விருதை 1935-இல் முதன்முதலாக வென்ற ஜே பெர்வாங்கர் அந்தப் புல்தரையில் ஆடியவர். ஆனால் அணி தேய்ந்துகொண்டே வந்தது. 1939-இல் மிச்சிகன் அணியிடம் 85–0 என்று தோற்றது. பெருந்தொகை புரளும் கால்பந்துக்கும் கல்விக்கும் ஒட்டாது என்று கருதிய பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், அந்த ஆண்டு இறுதியில் ஆட்டத்தையே நிறுத்தினார். அவருடைய கவலை நியாயமானது. முடிவு அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. ஆட்டத்தைச் சிறிய அளவில் நடத்த முடியும் என்பதை, 1969-இல் கால்பந்தை மீண்டும் ஏற்ற அதே பல்கலைக்கழகமே காட்டியது.

உலையை முதலில் நகருக்கு வெளியே ஆர்கான் காட்டில் கட்டுவதாகத்தான் இருந்தது. கட்டுமானத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் அங்கு வேலை தாமதமாகவே, மேற்குப் பார்வையாளர் மாடத்தின் அடியில் இருந்த ஸ்குவாஷ் ஆட்டக்கூடத்திலேயே பாதுகாப்பாகக் கட்டிவிடலாம் என்றார் உலையைக் கட்டிய இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி. சுமார் 45,000 கிராஃபைட் கட்டிகளை 57 அடுக்குகளாக அடுக்கினார்கள். கரித்தூள் படிந்த தரை வழுக்கியது, முகங்கள் கறுத்தன. கணப்பு வசதி இல்லாத அந்த இடத்தில் காவலர்கள் குளிரில் விறைத்தார்கள். எண்ணெய்ப் பீப்பாய்களில் கரி மூட்டிப் பார்த்தால் புகை தாங்கவில்லை. கடைசியில் பழைய அலமாரி ஒன்றில், கால்பந்துக் காலத்து ரக்கூன் மென்மயிர் மேலங்கிகள் கட்டுக்கட்டாக அகப்பட்டன. அவற்றை அணிந்துகொண்டுதான் காவலர்கள் நின்றார்கள். அந்த அரங்கில் ஆட்டம் முன்பே ஓய்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

1942 டிசம்பர் 2 பிற்பகல், அணுப்பிளவை அடக்கிவைத்திருந்த, காட்மியம் பூசிய கடைசிக் கட்டுப்பாட்டுத் தண்டு அங்குலம் அங்குலமாக வெளியே இழுக்கப்பட, தானே தொடரும் அணுப்பிளவு அங்கே நிகழ்ந்தது. அன்று வெளிப்பட்ட ஆற்றல் வெறும் அரை வாட். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே உலையைப் பிரித்து, ஆர்கான் காட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். அரங்கு அதன்பின்னும் 1957 வரை நின்றது. கதிர்வீச்சு காரணமாக இருந்திருந்தால் பதினான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. அதே மண்ணில் மாணவர்கள் நாள் முழுதும் உட்கார்ந்து படிக்கும் ரேகன்ஸ்டைன் நூலகத்தை 1970-இல் திறந்திருக்கவும் மாட்டார்கள்.

உங்கள் நண்பரின் அச்சத்தில் நியாயம் உள்ள இடம் வேறு. மக்கள் நெருங்கி வாழும் நகரத்தின் நடுவே இச்சோதனையை நடத்தத் துணிந்த திட்டப் பொறுப்பாளர், இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன், ஹட்சின்ஸிடம் அனுமதி கேட்கவே இல்லை. கேட்டால் மறுப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது என்று பின்னர் காம்ப்டனே எழுதினார். அக்கம்பக்கத்தில் வசித்தவர்களிடமும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபெர்மியின் கணக்கு பிசகவில்லை என்பது வேறு விஷயம். அந்த மௌனத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

உலை இருந்த இடத்தில் 1967 டிசம்பர் 2 அன்று, இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவில், ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பத்தைத் திறந்துவைத்தார்கள். பழைய அரங்கின் வாயில் ஒன்று, சில தெருக்கள் தள்ளி அதே பெயரில் அமைந்த புதிய மைதானத்தில் இன்றும் நிற்கிறது.